ஓசை அடங்கிய அருவி

1970ஆம் ஆண்டுகளில் அச்சான உலகப் படநூல் ஒன்று பள்ளி நூலகத்தில் கைக்குக் கிட்டுமாயின், தென்னமெரிக்கப் பக்கத்தைச் சற்றுப் புரட்டிப் பாருங்கள். பிரேசிலும் பராகுவேயும் ஒன்றையொன்று தொடும் இடத்தில், பரானா ஆற்றின் மீது, 'குவாயிரா அருவி' என்னும் பெயர் சிறிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். இன்றைய படநூலில் அப்பெயர் இல்லை. அவ்விடத்தில் நீல வண்ணம் தீட்டிய நீண்ட ஏரி ஒன்று கிடக்கின்றது. பெயர் மாற்றம் அன்று இது. அருவியே இல்லாமற் போயிற்று.

நயாகராவை நம் மாணவர் அறிவர்; விக்டோரியாவையும் அறிவர். குவாயிராவைப் பற்றிக் கேட்டால் ஆசிரியரே திகைப்பர். நானும் அவ்வாறு திகைத்தவனே. ஆயினும் நீரின் அளவை நோக்கினால், அவ்விரண்டும் இதன் அருகில் நிற்கத் தகா. நொடிக்கு 13,300 கன மீட்டர் நீர் இதன்வழிப் பாய்ந்ததெனப் பல நூல்கள் குறிக்கின்றன. இது நயாகராவைப் போல் ஐந்து மடங்கிற்கு மேலாகும். அவ்வெண்ணை மிகையென்று கருதிச் சற்றுக் குறைத்துக்கொண்டாலும் வியப்புக் குறைவதில்லை. ஏறத்தாழ 380 மீட்டர் அகன்று வந்த பேராறு, அறுபது மீட்டர் அகலமே உள்ள பாறை இடுக்கில் புக வேண்டியதாயிற்று. ஒரே வீழ்ச்சியாக அன்றிப் பதினெட்டுக்கு மேற்பட்ட அருவிகளாகப் பிரிந்து, ஏழு தொகுதிகளாக விழுந்தமையால், பிரேசில் மக்கள் இதனை 'ஏழு வீழ்ச்சி' என்று பொருள்படும் 'செட்டே கேடாஸ்' என்னும் பெயரால் வழங்கினர். இதன் முழக்கம் முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்டதென்பர்.

இவ்வருவி வரலாற்றில் இடம்பெற்றது அழகினால் அன்று, அச்சத்தினால். பதினேழாம் நூற்றாண்டில் இதன் மேற்புறத்து நிலங்களில் குவரானி மக்கள் வாழ்ந்தனர். அவர்களிடையே இயேசு சபைத் துறவியர் குடியிருப்புகள் அமைத்திருந்தனர். சாவ் பாவ்லோவிலிருந்து புறப்பட்ட அடிமை வேட்டையர் அக்குடியிருப்புகளைத் தாக்கி, மக்களைச் சங்கிலியிட்டு இழுத்துச் சென்றனர். 1631ஆம் ஆண்டில், அந்தோனியோ ருயீஸ் தெ மோந்தோயா என்னும் துறவியின் தலைமையில், எஞ்சியோர் ஏறத்தாழப் பன்னீராயிரவர் எழுநூறு தெப்பங்களில் ஏறி ஆற்றோடு தெற்கே புறப்பட்டனர். முதியோரும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். பின்னே பகைவர், முன்னே அருவி.

தெப்பங்கள் அருவியைக் கடந்து பிழைக்குமா என்றறிய, முந்நூறு வெற்றுத் தெப்பங்களை நீரில் விட்டுப் பார்த்தனர். அவையனைத்தும் பாறைகளில் மோதிச் சிதறின. வேறு வழியின்றி மக்கள் கரையேறி, சுமைகளைத் தோளில் தாங்கி, அருவியைச் சுற்றிக் காட்டு வழியே பல நாள் நடந்தனர். கீழே இறங்கிய பின்னும் பசியும் நோயும் பலரைக் கொண்டுபோயின. மோந்தோயா இந்நிகழ்ச்சிகளைப் பின்னர் நூலாக எழுதினார். அந்நூல் 1639இல் மாட்ரிட் நகரில் வெளிவந்தது. அதே ஆண்டில் குவரானி மொழிக்கு அவர் தொகுத்த அகராதியும் அங்கு அச்சேறியது. ஒரு மக்கள் கூட்டம் ஊரிழந்து ஓடிய காலத்தில் அவர்தம் சொற்களை ஒருவர் திரட்டி வைத்தார் என்பதை மொழியாசிரியராகிய நாம் எளிதில் கடந்துபோக இயலாது.

இனி, அருவி மறைந்த கதைக்கு வருவோம். மின்சாரத்திற்காக அதனை மூழ்கடித்தனர் என்று ஒரு வரியில் சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி உண்மையே. மறுபாதி ஓர் எல்லைச் சண்டை.

1864 முதல் 1870 வரை நடந்த போரில் பராகுவே பெருந்தோல்வி கண்டது. 1872இல் பிரேசிலோடு செய்துகொண்ட உடன்படிக்கை, எல்லைக்கோடு பரானா ஆற்றின் வழியே இவ்வருவி வரை சென்று, அங்கிருந்து மரகாஜூ மலைத்தொடரின் மேல் செல்லும் என்று வகுத்தது. தாளில் இது தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் மலைத்தொடர் அருவிக்கருகில் எப்பக்கம் திரும்புகிறது, அருவியில் தனக்கும் பங்குண்டா என்னும் கேள்விகளைப் பராகுவே எழுப்பியது. நீர்மின் ஆற்றலின் மதிப்பு உணரப்படும் வரை அக்கேள்விகள் உறங்கிக் கிடந்தன.

1962இல் மார்கொந்தெஸ் ஃபெராஸ் என்னும் பிரேசில் பொறியாளர் ஒரு திட்டம் வரைந்தார். அருவிக்கு மேலே நீரைப் பிரித்து, பிரேசில் கரையிலேயே கால்வாய் வெட்டி, கீழே மின்நிலையம் அமைப்பது அத்திட்டம். அருவியின் நீர் குறைந்திருக்கும், அருவி அழிந்திராது. ஆனால் பயன் முழுதும் ஒரு நாட்டிற்கே என்பதால் பராகுவே கொதித்தது. 1965இல் பிரேசில் படையினர் சச்சரவுக்குரிய நிலத்தில் முகாமிட்டனர். 1966 ஜூன் 22ஆம் நாள் இரு நாட்டு அமைச்சர்களும் இகுவாசு உடன்பாட்டில் கையொப்பமிட்டு, ஆற்றின் ஆற்றலைச் சமமாகப் பகிர்ந்துகொள்ள இசைந்தனர். 1973 ஏப்ரல் 26ஆம் நாள் இட்டாய்ப்பு ஒப்பந்தம் பிறந்தது.

அணைக்குத் தெரிவு செய்யப்பட்ட இடம் அருவிக்குக் கீழே நெடுந்தொலைவில் இருந்தது. அங்கே 196 மீட்டர் உயர அணை எழுந்தால், பின்வாங்கும் நீர் 170 கிலோமீட்டர் நீண்டு அருவியையும் மூடும். பூசலுக்குரிய நிலத்தையும் மூடும். நிலம் நீருக்கடியில் போய்விட்டால் வழக்கும் அதனோடு போய்விடும் அன்றோ! இரு நாடுகளிலும் அந்நாளில் படைத்தலைவர்களின் ஆட்சி. குடிமக்களின் கருத்தைக் கேட்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. அணை அரசியலில் இதனினும் சாமர்த்தியமான தீர்வை நான் படித்ததில்லை. இதனினும் கொடியதையும் படித்ததில்லை. 'இட்டாய்ப்பு' என்னும் குவரானிச் சொல்லுக்கு 'ஒலிக்கும் கல்' என்று பொருள் கூறுவர். அப்பெயர் தாங்கிய அணை, உலகின் பேரொலிகளுள் ஒன்றை அடக்கிற்று.

அருவிக்கு நாள் குறிக்கப்பட்டதும் மக்கள் திரண்டனர். அதுவரை எட்டிப் பாராதவர்களும் கடைசியாக ஒருமுறை காண வந்தனர். அருவிகளுக்கு மேலே தொங்கு பாலங்கள் வழியே சென்று காண்பது அங்குள்ள வழக்கம். 1982 ஜனவரி 17ஆம் நாள், கூட்டத்தின் பாரம் தாங்காமல் பாலமொன்று அறுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் வெள்ளத்தில் மாண்டனர். விடைபெற வந்தவர்கள் அருவிக்கு முன்னரே விடைபெற்றனர்.

அவ்வாண்டு ஜூலையில், பழங்குடியினரின் இரங்கற் சடங்கொன்றின் பெயரால் அருவிக்கரையில் மக்கள் கூடிப் பிரியாவிடை நடத்தினர். செப்டம்பரில் பிரேசிலின் பெருங்கவிஞர் கார்லோஸ் துரூமோன் தெ அந்திராதெ செய்தித்தாளில் ஒரு கவிதை எழுதிப் பிரிவைப் பாடினார். அருவியைக் காக்க அமைந்த தேசியப் பூங்கா முந்திய ஆண்டிலேயே ஆணை மூலம் நீக்கப்பட்டிருந்தது. அக்டோபர் 13ஆம் நாள் அணையின் கதவுகள் மூடப்பட்டன. பதினான்கே நாளில் ஏரி நிரம்பிற்று. பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாறையை அறுத்த நீர், இரண்டே வாரத்தில் அசைவற்று நின்றது.

அணையின் பயனை மறைத்தல் நேர்மையன்று. 1984 முதல் அது மின்சாரம் தருகின்றது. இன்று அதன் ஆற்றல் 14,000 மெகாவாட். பராகுவேயின் மின் தேவையில் பெரும்பகுதியை அதுவே நிறைவு செய்கின்றது. சற்றுத் தெற்கே, அணைக்குக் கீழே பரானாவில் கலக்கும் கிளையாற்றில் அமைந்தமையால் இகுவாசு அருவி தப்பியது; உலகப் பயணிகள் அங்கே குவிகின்றனர்.

ஏரி பரந்தபோது கரையோரக் குவரானி மக்களும் மீண்டும் ஊரிழந்தனர். நிலவுரிமைத் தாள் இல்லாதவர்கள் என்று காரணம் காட்டி, அவர்களுக்குச் சிறு துண்டு நிலமே ஒதுக்கினர். மோந்தோயாவுடன் தெப்பமேறியவர்களின் இனத்தாருக்கு, மூன்றரை நூற்றாண்டிற்குப் பின் நேர்ந்த இரண்டாம் பெயர்ச்சி அது. நெடுநாள் வழக்காடிய பின்னர், 2025இல் பிரேசிலின் உச்ச நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, அவர்களுக்கு 3,000 ஹெக்டேர் நிலம் வாங்கித் தர இசைவு தெரிவிக்கப்பட்டது.

குவாயிரா என்னும் ஊர் இன்றும் ஏரிக்கரையில் உள்ளது. 1998இல் அங்கே மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீண்ட பாலம் ஒன்று திறக்கப்பட்டது. அதன்மீது செல்லும் வண்டிகளிலிருந்து பார்த்தால், இருபுறமும் சமதளமான நீர் மட்டுமே தெரியும்.