ரத்த வகையும் விலாங்கு மீனும்

உங்கள் ரத்தம் ஏ வகையா, பி வகையா? இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு சர்க்கரைதான். வீட்டில் பெரியவர்கள் ‘சுகர்’ என்று சொல்லும் நோய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. இது ரத்தத்தில் கரைந்திருப்பதல்ல. சிவப்பணுக்களின் மேலுள்ள புரதங்களிலும் கொழுப்புகளிலும் சின்னச் சங்கிலியாக ஒட்டியிருப்பது.

19ஆம் நூற்றாண்டில் பிறர் ரத்தத்தை ஏற்றிக்கொண்டவர்களில் சிலர் பிழைத்தார்கள், சிலர் இறந்தார்கள். காரணம் புரியவில்லை. வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டைனர் தன் ரத்தத்தையும் கூட வேலை செய்தவர்களின் ரத்தத்தையும் மாற்றி மாற்றிக் கலந்து பார்த்தார். சில கலவைகளில் அணுக்கள் கட்டிகட்டியாகத் திரண்டன. 1901இல் மூன்று வகைகளை அறிவித்தார். ஏபி வகை 1902இல் தெரியவந்தது.

சரி, ஏன் திரள்கின்றன? அதற்குப் பதில் கிடைக்க இன்னும் ஐம்பது ஆண்டு ஆனது. எனக்குப் பிடித்த பகுதி இதுதான். லண்டன் லிஸ்டர் நிலையத்தில் வினிஃப்ரெட் வாட்கின்ஸ் என்ற பெண் விஞ்ஞானியும் வால்டர் மோர்கனும் இதை ஆராய்ந்தார்கள். சிவப்பணுவிலிருந்து கிடைப்பது மிகக் கொஞ்சம். ஆனால் பெண்களின் சினைப்பை நீர்க்கட்டிகளில் இருக்கும் திரவத்தில் அதே சங்கிலிகள் ஏராளம்!

விலாங்கு மீனின் ரத்தநீர் ஓ வகை அணுக்களைத் திரளவைக்கும். அதில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரையைக் கலந்ததும் திரள்வது நின்றது. அது 1952. ரத்தநீர் தேடிப் பிடித்தது அந்தச் சர்க்கரையைத்தான்.

இதே வழியில் மற்றவையும் பிடிபட்டன. ஏ வகைச் சங்கிலியில் கூடுதலாக இருப்பது என்-அசிட்டைல் கேலக்டோஸமின். பி வகையில் கேலக்டோஸ். ஓ வகையில் இரண்டும் இல்லை. அதனால்தான் அவசரத்தில் ஓ நெகட்டிவ் ரத்தத்தைத் தேடுகிறார்கள். அந்த ‘நெகட்டிவ்’ வேறொரு புரதத்தின் கதை.