சாயத்துக்கு வந்த பூச்சி

18ஆம் நூற்றாண்டின் கடைசியில், சைதாப்பேட்டையில் கள்ளிக்கென்றே ஒரு தோட்டம் இருந்தது. வேலிக்காக நட்ட கள்ளி அல்ல அது. பாத்தி கட்டி, தண்ணீர் விட்டு, ஆள் வைத்துப் பார்த்துக்கொண்ட கள்ளி. அமைத்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மருத்துவர்களுக்குத் தலைவராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர். நுங்கம்பாக்கத்தில் அவருக்குப் பெரிய தோட்டம் ஒன்று இருந்தது. முசுக்கொட்டை, பருத்தி, கரும்பு என்று இந்த மண்ணில் காசு தரக்கூடியது எதுவானாலும் அங்கே நட்டுப் பார்ப்பார். நாற்றுகளை வெளியூர்களுக்கும் அனுப்புவார். நுங்கம்பாக்கத்தின் தோட்டவீடுகள் பின்னாளில் மனை மனையாகப் பிரிந்துபோயின. ஆண்டர்சன் சாலை, பைகிராப்ட்ஸ் கார்டன் சாலை என்ற பெயர்கள் இன்னும் இருக்கின்றன.

கள்ளி வளர்த்தது கள்ளிக்காக அல்ல, அதன்மேல் வாழும் காக்சினீல் என்ற சாயப்பூச்சிக்காக. மட்டையில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாகத் தெரிவது பெண்பூச்சி. சிறகு கிடையாது. ஊசிபோன்ற வாயை மட்டைக்குள் செருகிவிட்டால் சாகும்வரை இடம் மாறாது. நசுக்கினால் ரத்தச் சிவப்பாக வழியும். தன்னைத் தின்ன வரும் எதிரிகளை விரட்ட அது உடம்பில் சேர்த்துவைக்கும் கார்மினிக் அமிலம்தான் அந்தச் சிவப்பு. ஒரு பவுண்டு சாயப்பொருளுக்குச் சுமார் 70,000 பூச்சிகளைக் காயவைக்க வேண்டும். மெக்சிகோவின் வஹாக்கா பகுதிக் குடியானவர்கள் இதைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். வணிகம் ஸ்பெயினின் பிடியில் இருந்தது. ஆங்கிலேய அதிகாரியின் சிவப்பு அங்கிக்கும் அங்கிருந்துதான் சாயம் வரவேண்டும்.

1786இல், சென்னைப் பக்கம் புல்லில் கண்ட ஒரு பூச்சியைக் காக்சினீலின் உறவு என்று நம்பி, லண்டனிலிருந்த தாவரவியலாளர் ஜோசப் பாங்க்ஸுக்கு ஆண்டர்சன் கடிதம் எழுதினார். அந்தப் பூச்சியால் பயனில்லை. ஆனால் ஆசை இரு பக்கமும் பற்றிக்கொண்டது. லண்டனின் க்யூ தாவரவியல் தோட்டத்திலிருந்து கள்ளி வந்தது. சைதாப்பேட்டைத் தோட்டத்தை அவருடைய உறவினர் ஆண்ட்ரூ பெர்ரி கவனித்துக்கொண்டார். பந்தி விரித்தாயிற்று, விருந்தாளிதான் வரவில்லை.

வந்தது 1795இல், கல்கத்தா வழியாக. ரியோ டி ஜனீரோவில் கப்பல் நின்றபோது கேப்டன் நீல்சன் என்ற படை அதிகாரி பூச்சியோடு கூடிய கள்ளிச்செடிகளை எடுத்து வந்தார். வழியில் பெரும்பாலான பூச்சிகள் செத்து, சில மட்டும் பிழைத்தன. அவற்றின் வழி வந்தவை சென்னைக்கும் வந்துசேர்ந்தன. ஆனால் இது வஹாக்காவின் உயர்ந்த ரகம் அல்ல, காட்டு ரகம். மெழுகு அதிகம், சாயம் குறைவு. மெக்சிகோச் சரக்கோடு அதனால் போட்டிபோட முடியவில்லை. 1800இல் சைதாப்பேட்டைத் தோட்டம் மூடப்பட்டு, மிஞ்சிய செடிகள் பெங்களூரு லால்பாகுக்குப் போயின.

கணக்குப் புத்தகத்தில் கதை அங்கே முடிந்தது. பூச்சிக்கோ அப்போதுதான் ஆரம்பம். இந்தியாவில் முன்பே வேலியாகப் பரவியிருந்த ஒரு கள்ளி இனம் அதற்குப் பிடித்துப்போயிற்று. சாயம் தரவேண்டிய பூச்சி அந்தப் புதர்களை அழித்துக்கொண்டே போனது. அதைப் பார்த்தவர்கள் 1836க்கும் 1838க்கும் இடையில், இம்முறை கள்ளியை ஒழிக்கவென்றே, அதைத் தென்னிந்தியாவின் மற்றப் பகுதிகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு களையை அடக்க ஒரு பூச்சியைத் தெரிந்தே ஏவி வெற்றிகண்டதில் உலகத்திலேயே இதுதான் முதல் நிகழ்ச்சி என்று பூச்சியியல் நூல்கள் குறிக்கின்றன. எனக்கு இது நம் மண்ணின் பெரிய கதைகளில் ஒன்று. பள்ளிப் பாடத்தில் இதற்கு ஒரு பக்கமாவது வேண்டும்.

இன்னொரு கள்ளி தப்பித்துக்கொண்டது. மஞ்சள் பூவும் கருஞ்சிவப்புப் பழமுமாக நாம் சப்பாத்திக்கள்ளி, நாகதாளி என்று சொல்வது. அந்தப் பூச்சி இதைத் தொடவில்லை. பழத்தைத் தரையில் தேய்த்து, பூமுள்ளைப் போக்கி, உள்ளே இருக்கும் முள்ளை எடுத்து எறிந்துவிட்டு நாக்கு சிவக்கத் தின்ற பிள்ளைகளுக்கு இது இனிய நினைவு. நிலம் வைத்திருந்தவர்களுக்கு அப்படியில்லை. வெட்டிப்போட்ட ஒவ்வொரு மட்டையும் மண் பட்ட இடத்தில் வேர்விடும். மேய்ச்சல் நிலமும் ஒற்றையடிப் பாதையும் புதருக்குள் போய்விடும். புதருக்குள் பாம்பும் பன்றியும் குடியேறும்.

ஆஸ்திரேலியாவிலும் இதே ஆசைதான். 1788இல் அங்கே போய்ச் சேர்ந்த முதல் குடியேற்றக் கப்பல்கள் வழியில் ரியோவில் நின்று, சாயத்துக்காகக் கள்ளியும் பூச்சியும் ஏற்றிச் சென்றன. அந்த நாடும் பின்னாளில் வேறு கள்ளி இனங்களிடம் மாட்டிக்கொண்டு, அவற்றைத் தின்னும் பூச்சிகளைத் தேடி அமெரிக்கக் கண்டத்துக்கு ஆள் அனுப்பியது. அப்படிக் கிடைத்தவற்றில் ஒன்று, சாயப்பூச்சியின் இன்னொரு இனம், ஆஸ்திரேலியாவிலிருந்து இலங்கைக்கு வந்து, 1926இல் தென்னிந்தியாவில் கால்வைத்தது. பூச்சி பிடித்த மட்டையை ஒடித்து அடுத்த புதரில் செருகினால் போதும். ஐந்தாறு ஆண்டுகளில் சுமார் 40,000 ஹெக்டேரில் சப்பாத்திக்கள்ளி அடங்கியது. ஆண்டர்சன் காலத்து ஆசையால் எந்த லாபமும் பார்க்காத ஊர்களுக்கு, அந்தக் குடும்பத்துப் பூச்சி ஒன்று செய்துகொடுத்த வேலை இது.

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் நெடுஞ்சாலையில் சுங்குவார்சத்திரம் இருக்கிறது. தொழிற்சாலைகள் வந்தபின் ஏரிப்பாசனக் கழனிகளுக்குப் பக்கத்திலேயே மனைப்பிரிவுகள் எழுந்துவிட்டன. புது வீடுகளின் காம்பவுண்டுக்குள் செம்பருத்தி, பப்பாளி, அரளி. செடி வாங்க யாரும் க்யூவுக்கு எழுத வேண்டியதில்லை. சாலையோர நர்சரியே போதும். சுவர் வீட்டுக்காரருடையது, செடி அவருடையது. செடியில் தொற்றிவருவது மட்டும் பக்கத்துக் கழனிக்கும் உரியதாகிவிடுகிறது. சைதாப்பேட்டையில் நடந்ததும் இதுதான் என்பதால்தான் இந்தக் கதையை இங்கே வந்து சொல்கிறேன்.

2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டது. அதற்கும் சொந்த ஊர் மெக்சிகோ. பப்பாளி, மரவள்ளி, முசுக்கொட்டை, பருத்தி, செம்பருத்தி எதையும் அது விடவில்லை. மருந்தடித்தும் மெழுகுப் பூச்சைத் தாண்டி உள்ளே இறங்கவில்லை. 2010இல் பெங்களூரிலுள்ள தேசியப் பூச்சி ஆய்வு நிறுவனம் போர்ட்டோரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் என்ற குளவியை வரவழைத்துப் பெருக்கியது. எள்ளைவிடச் சிறியது. மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளிருந்தே தின்று வளர்ந்து ஓட்டையிட்டு வெளிவரும். தமிழ்நாட்டு வேளாண் பல்கலைக்கழகமும் அதை ஊர் ஊராக விட்டது. சில மாதங்களிலேயே தோட்டங்கள் தேறின.

இந்தக் குளவிக்குப் பெரிய எதிரி நம் கையிலிருக்கும் மருந்துப் பம்பு. செம்பருத்தியில் வெள்ளை படிந்தால் உடனே அடிக்காமல், இலையைத் திருப்பி வெயிலில் பாருங்கள். பழுப்பாக உப்பிக் காய்ந்த பூச்சிகளும், அவற்றில் ஊசிமுனை அளவு வட்ட ஓட்டைகளும் தெரிந்தால் குளவி வந்துவிட்டது என்று அர்த்தம். மருந்து வேண்டாம். அந்தக் கிளையைக் கிள்ளி, பூச்சி மொய்க்கும் அடுத்த வீட்டுச் செடியில் கட்டிவிடலாம்.