நாகம் மறைந்த பெயர்: நயினாதீவின் பெயர் வரலாறு

நயினாதீவு என்ற பெயரில் நாகம் இல்லை. ஆனால் அங்கே கோயில் கொண்டிருப்பவள் நாகபூஷணி. பௌத்த யாத்திரிகர்களுக்கு அதே தீவு நாகதீபம். குறிகட்டுவான் துறையில் படகேறினால் சற்று நேரத்தில் எட்டிவிடும் அச்சிறு தீவுக்கு இப்பெயர்கள் ஒரே காலத்தில் வந்தவை அல்ல. தொடக்கத்தில் அவை ஒரே இடத்தைச் சுட்டியவையும் அல்ல. இதை மறந்துவிட்டு நடக்கும் வாதங்களே பெயராய்வை மிகவும் குழப்பியிருக்கின்றன.

மகாவம்சத்தின் முதல் அதிகாரம் புத்தரின் இரண்டாவது இலங்கை வருகையை நாகதீபத்தில் வைக்கிறது. மணியாசனம் ஒன்றுக்காக மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர்கள் போரிட்டனர். மாமனும் மருமகனுமான அவ்விருவரையும் புத்தர் சமாதானம் செய்தார் என்பது கதை. அந்த நாகதீபம் இன்றைய நயினாதீவுதானா? அதே நூல், சங்கமித்தை வெள்ளரசுக் கன்றுடன் வந்திறங்கிய சம்புகோளத் துறையைக் குறிப்பிடுகிறது; அங்கிருந்த விகாரையை நாகதீபத்துக்குள் வைக்கிறது. சம்புகோளத்தை மாதகலை அடுத்த சம்பில்துறை என்று அடையாளம் காண்பது பொதுவான கருத்து. மாதகல் இருப்பது யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், நயினாதீவில் அல்ல.

இதைவிட உறுதியான சான்று வல்லிபுரம் பொன்னேடு. 1936இல் வடமராட்சியில் கிடைத்த இவ்வேடு, இசிகிராயன் என்னும் அமைச்சன் நாகதிவத்தை ஆண்டபோது பியகுகதிசன் ஒரு விகாரை எடுத்ததைச் சொல்கிறது. ஓர் அமைச்சனின் ஆட்சிக்குரிய நிலப்பகுதியாகவே அதில் நாகதிவம் வருகிறது. ஆகவே, பழைய நாகதீபம் என்பது குடாநாடு முழுவதையும் அதை ஒட்டிய தீவுகளையும் தழுவிய பெயர் என்றே நான் கொள்கிறேன்.

குடாநாட்டைத் தீவு என்பார்களா என்ற கேள்விக்கு விடை தமிழிலேயே இருக்கிறது. வடமொழித் துவீபம் பாலியில் தீபமாகவும் பிராகிருதத்தில் தீவமாகவும் திரிந்தது. நம் ‘தீவு’ அந்த வழியில் வந்தது. சுற்றிலும் கடல் சூழ்ந்த சிறு நிலத்தை மட்டுமே அச்சொல் அன்று குறிக்கவில்லை. பரந்த பாரத நிலப்பரப்பையே நாவலந்தீவு என்று அழைத்தவர்கள் நாம். கடல்நீரேரியால் பெருநிலத்திலிருந்து ஏறக்குறைய பிரிந்து கிடக்கும் யாழ்ப்பாணம் தீவு எனப்பட்டதில் வியப்பு ஏது?

மணிமேகலையில் இதே கதை வேறு பெயரோடு வருகிறது. இரு நாகநாட்டு அரசர்கள் பீடிகைக்காகப் பொருதுகிறார்கள், புத்தர் தோன்றிப் போரை நிறுத்துகிறார், இடம் மட்டும் மணிபல்லவம். புகாருக்குத் தெற்கே முப்பது யோசனைத் தொலைவில் அத்தீவு கிடப்பதாகக் காப்பியம் சொல்கிறது. ஆபுத்திரனைக் கப்பல் தவறவிட்டுச் சென்றதும், பீலிவளை தன் மகனைக் கம்பளச் செட்டியிடம் ஒப்படைத்ததும் அங்கேதான். தெய்வம் உறையும் தீவாக மட்டுமன்றி, மரக்கலங்கள் தங்கிச் செல்லும் துறையாகவும் மணிபல்லவம் அமைந்திருப்பதை இந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. மணி என்றால் மாணிக்கம், பல்லவம் என்றால் தளிர். பிற்சொல்லைப் பற்றிக்கொண்டு பல்லவ அரசமரபின் தோற்றத்தையே இத்தீவோடு இணைத்தார் முதலியார் இராசநாயகம். பெயரொலி ஒற்றுமையை அரசமரபின் பிறப்புக்குச் சான்றாக்குவது அளவுக்கு மீறிய துணிவு என்பது என் கருத்து. நயினாதீவுதான் மணிபல்லவம் என்பதும் மரபு வழங்கும் அடையாளமே. காப்பியத்தின் திசையும் தொலைவும் அதை மறுக்கவில்லை, உறுதிசெய்யவும் இல்லை.

கப்பல் போக்குவரத்துக்கு மட்டும் கல்லிலேயே சான்று உண்டு. முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டு நயினாதீவில் இருக்கிறது, பேராசிரியர் கா. இந்திரபாலா அதைப் பதிப்பித்தார். பரதேசிகள், அதாவது பிறநாட்டார், ஊராத்துறைக்கு வந்து சேர வேண்டும் என்கிறது அதிலுள்ள கட்டளை. யானை, குதிரை கொண்டுவரும் கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கு, மிச்சம் உடையவனுக்கு. வாணிகச் சரக்கென்றால் சரிபாதி. ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை. பொதுமக்கள் வாயில் ஒரு பெயர் புதுப்பொருள் பெற்று நீள்வதற்கு, காவல் புகுந்த அந்தத் துறை நல்ல எடுத்துக்காட்டு.

நயினாதீவு என்ற பெயரின் விளக்கத்திலும் மக்கள் நாவைத்தான் பின்தொடர வேண்டும். நாயனார் என்ற சொல் நயினார் எனத் திரிந்து தலைவன், இறைவன் என்ற பொருளில் வழங்கியது. அதன் இறுதி ரகரம் பேச்சில் எளிதாக உதிரும். தமிழ் முஸ்லிம்களிடையே வழங்கும் நயினா முகம்மது என்ற பெயரை நினைத்தாலே போதும். நாகநயினார் தீவு, நயினார் தீவாகிப் பின் நயினாதீவு ஆயிற்று என்ற விளக்கம் ஒலிமரபுக்கு முழுதும் இசைகிறது. பரமக்குடிக்கு அருகே நயினார்கோயில் என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே நயினார் எனப்படும் இறைவன் யார் என்று பார்த்தால், நாகநாதர்! கடலின் இரு கரையிலும் நாக தெய்வம் நயினாராவது தற்செயல் என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை. முன்னொட்டாக நின்ற நாகம், வணக்கச் சொல்லுக்கு இடம் கொடுத்து ஒதுங்கியிருக்கிறது.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தங்கள் நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டினர். காரைதீவு ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பர்க், நெடுந்தீவு டெல்ஃப்ட், நயினாதீவு ஹார்லெம். நெடுந்தீவுக்கு இட்ட பெயர் ஆங்கிலேயர் ஆட்சியிலும் நிலைத்து இன்றும் வழங்குகிறது. ஹார்லெம் பழைய நிலப்படங்களோடு நின்றுவிட்டது. ஊரார் தங்கள் தீவை இன்னும் சுருக்கி நயினை என்கிறார்கள். நாகபூஷணியைப் பாடும்போது மட்டும், உதிர்ந்துபோன நாகம் அவள் பெயரோடு திரும்பி வந்து நயினைக்கு முன்னோ பின்னோ நின்றுகொள்கிறது.