ஹெரால்டைக் காப்பாற்றும் இரண்டு வாஷர்கள்

திருவள்ளூர் கார் என்றால் பலருக்கும் மிட்சுபிஷி லான்சர் ஞாபகம் வரும். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-ல் அங்கே தொடங்கியது. இன்னைக்கு நாம பேசப்போறது அதுக்கும் முந்தைய சென்னை காரைப் பத்தி: பெருங்களத்தூரில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கம்பெனி 1980-களின் கடைசியில் நின்றுபோனது. புது இன்ஜின் பிளாக் கேட்டுப் போக இடம் கிடையாது.

ஆகவே வீட்டு ஷெட்ல ஹெரால்டைப் பிரிக்கும் முன்னாடி ஒருத்தரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி, கிராங்க் புல்லி முன்னால நகருதான்னு பாருங்க. இந்த 948 சிசி இன்ஜினில் கிராங்க் முன்பின் நகராமல் பிடிப்பது, பின் மெயின் பேரிங்கில் உள்ள இரண்டு அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள் மட்டுமே. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் பின்பக்க வாஷர் தேயும். சிக்னலில் கிளட்சை அமுக்கியபடியே நிற்கும் நம்ம ஊர்ப் பழக்கம் வேறு! அது கழன்று சம்பில் விழுந்தால், கிராங்க் பிளாக்கையே அரைக்க ஆரம்பிக்கும். அப்புறம் லேத் பட்டறைதான் கதி.

முன்கூட்டியே கண்டுபிடித்தால் இன்ஜினை இறக்கவே வேண்டாம்; சம்பையும் பின் பேரிங் கேப்பையும் கழற்றினால் போதும். இதே குடும்பத்து இன்ஜின் பிரிட்டனின் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயரில் 1980 வரை வந்ததால், வாஷர் தேடினால் கிடைக்கும். மாட்டும்போது காடி வெட்டிய முகம் கிராங்கைப் பார்த்து இருக்கணும்.