மூட்டையைப் பிரிக்கும்போது வரும் ஆபத்து

இன்று எந்தப் பெரிய மென்பொருளும் முழுக்க ஒரே குழுவின் கையால் எழுதப்படுவதில்லை. அதன் பெரும்பகுதி, பிறர் எழுதிப் பொதுவில் வைத்த நிரல் தொகுப்புகளால் ஆனது. அவற்றை இணையக் களஞ்சியத்திலிருந்து இறக்கி, உரிய இடத்தில் நிறுவித் தரும் கருவியே ‘பேக்கேஜ் மேனேஜர்’. ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான என்பிஎம் அவற்றுள் முதன்மையானது. அதன் களஞ்சியத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட தொகுப்புகள் உள்ளன. ஒரே ஒரு கட்டளையில் நூற்றுக்கணக்கான தொகுப்புகள் வந்து இறங்குவது அன்றாட நிகழ்வு. அவற்றை எழுதியவர்கள் யாரென்று நிறுவுபவருக்குப் பெரும்பாலும் தெரியாது.

இத்தொகுப்புகள் மூட்டைகளாகக் கட்டப்பட்டே பயணிக்கின்றன. என்பிஎம் பயன்படுத்தும் ‘டார்’ வடிவம், காந்த நாடாக்களில் கோப்புகளைச் சேமிப்பதற்காக 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் அறிமுகமானது. மூட்டைக்குள் ஒவ்வொரு கோப்புடனும் அதை எங்கே வைக்க வேண்டும் என்ற முகவரியும் இருக்கும். கட்டியவர் நம்பகமானவராக இருக்கும்வரை சிக்கல் இல்லை. ‘இந்த அடைவை விட்டு மேலேறிச் சென்று, பயனரின் அமைப்புக் கோப்பின் மீது எழுது’ என்று முகவரி இருந்தால் என்ன ஆகும்? பிரிக்கும் கருவி அதற்கு அப்படியே கீழ்ப்படிந்தால், அடுத்த முறை அந்தக் கோப்பு திறக்கப்படும்போது இயங்குவது தாக்குபவரின் கட்டளை. 2018இல் ஸ்னீக் நிறுவனம் ‘ஸிப் ஸ்லிப்’ என்று பெயரிட்டு வெளியிட்டது இந்தக் குறையைத்தான். அது ஆயிரக்கணக்கான திட்டங்களில் இருந்தது.

எச்சரிக்கை வந்த பிறகும் குறை நீங்கிவிடவில்லை. என்பிஎம்மை நிர்வகிக்கும் கிட்ஹப், 2021 செப்டம்பரில் ஏழு பாதிப்புகளை அறிவித்தது. அவற்றுள் ஒன்று எளிமையானது. முகவரியின் தொடக்கத்தில் உள்ள சாய்கோடு, கணினியின் மூல அடைவைக் குறிக்கும். எனவே, அதை நீக்கிவிட்டே கோப்பை எழுதும்படி நிரல் அமைக்கப்பட்டிருந்தது. ஆனால், அது ஒருமுறை மட்டுமே நீக்கியது. நான்கு சாய்கோடுகளோடு முகவரி வந்தால், ஒன்று போக மூன்று மிஞ்சும். முகவரி மீண்டும் மூல அடைவையே சுட்டும். இன்னொரு பாதிப்பு, பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டில் ஒளிந்திருந்தது. கருவி இரு வேறு பெயர்களாகக் கருதியவற்றை, அவ்வேறுபாட்டைப் பாராட்டாத வட்டு ஒரே பெயராக எடுத்துக்கொண்டது.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தொகுப்புகளோடு வரும் நிறுவல் கட்டளைகள் ஆபத்தானவை என்பதால், அவற்றை இயங்கவிடாமல் தடுக்கும் வசதி என்பிஎம்மில் இருக்கிறது. மேற்கண்ட பாதிப்புகளில் சில, அந்தத் தடையையும் மீறித் தாக்குபவரின் நிரல் இயங்க வழிவகுத்தன. கட்டளை எதையும் இயக்காமல், மூட்டையைப் பிரிப்பதே போதுமானதாக இருந்தது.

பைத்தான் மொழியின் அனுபவம் வேறொரு பாடத்தைத் தருகிறது. அதன் ‘டார்ஃபைல்’ நிரலகத்தில் இதே குறை 2007இலேயே சுட்டிக்காட்டப்பட்டது. நம்பகமற்ற மூட்டைகளைப் பிரிக்காதீர்கள் என்று ஆவணத்தில் எச்சரிக்கை சேர்க்கப்பட்டதே தவிர, நிரலின் இயல்பு மாறவில்லை. 15 ஆண்டுகள் கழித்து, 2022இல், சுமார் 3.5 லட்சம் திறந்தமூலக் களஞ்சியங்கள் பாதிக்கப்படக்கூடும் என்று டிரெல்லிக்ஸ் நிறுவனம் மதிப்பிட்டது. அதன் பிறகே 3.12 பதிப்பில் பாதுகாப்பு வடிகட்டி வந்தது. 2025இல் வெளியான 3.14 பதிப்பில்தான் அது இயல்புநிலை ஆனது.

அதே 2025 அக்டோபரில், பைத்தானுக்கான ‘யூவி’ பேக்கேஜ் மேனேஜரும் இத்தகைய பாதிப்புக்கு உள்ளானது தெரியவந்தது. அது ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. நினைவகப் பிழைகளைத் தடுப்பதில் பெயர்பெற்ற மொழிதான். ஆனால், கோப்பின் அளவைத் தவறாகப் புரிந்துகொள்ளும் தர்க்கப் பிழையை எந்த மொழியும் தடுக்காது. அப்பிழையைக் கொண்டிருந்த நிரலகங்களுள் ஒன்று, 50 லட்சம் முறைக்கு மேல் இறக்கப்பட்டும் பராமரிப்பார் இன்றிக் கிடந்தது.

பொறுப்பைப் பயனர் தலையில் சுமத்தும் எச்சரிக்கைகள் பாதுகாப்பு ஆகா என்பதையே இவை உணர்த்துகின்றன. நூற்றுக்கணக்கான மூட்டைகளைப் பிரித்துப் பார்த்து நிறுவ எவராலும் இயலாது. கோப்பு எந்த இடத்தில் உண்மையில் எழுதப்படவிருக்கிறதோ, அந்த இடத்தையே கருவி சோதிக்க வேண்டும்; அடைவுக்கு வெளியே செல்லும் எதையும் கேட்காமலே மறுக்க வேண்டும். விதிவிலக்கு வேண்டுவோர்தான் அதைக் கேட்டுப் பெற வேண்டும். நிறுவனங்களும் அரசுத் துறைகளும் கருவிகளை உடனுக்குடன் புதுப்பிப்பதோடு, தாங்கள் சார்ந்திருக்கும் நிரலகங்களைப் பராமரிப்பவர்களுக்குக் கைகொடுக்கவும் வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் நிரலுக்கும் பராமரிப்புச் செலவு உண்டு. அதை இன்று தராவிட்டால், என்றேனும் ஒருநாள் பாதுகாப்பை விலையாகத் தர நேரிடும்.