துப்பாக்கிக் குழலும் துருவும்

பால்மரம் வெட்டும் கத்தியைத் துடைக்காமல் ஓரிரவு வெளியில் போட்டுவிட்டால் காலையில் என்ன ஆகும் என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகளாகிய உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே துரு ஒரு வல்லரசின் படையைத் தடுமாற வைத்த வரலாற்றை இன்று காண்போம்.

துப்பாக்கிக் குழலுக்கு ஏற்ற உலோகம் எது? வெடிக்கும்போது பிளக்காத உலோகம் என்று சட்டென விடை சொல்லிவிடுவோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நல்ல எஃகு மலிந்ததும் பிளக்கும் அச்சம் பெரும்பாலும் நீங்கியது. அதன்பின்தான் குழலின் உட்புறம் தேயும் தொல்லை பெரிதாயிற்று.

1888இல் பிரிட்டிஷ் படை ஏற்ற லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கியில், குண்டைச் சுழலச் செய்யும் வரிகள் ஆழமில்லாதவை. கரிமருந்துக்கு அவை போதுமானவை. பின்னர் கார்டைட் என்னும் புகையில்லா மருந்து வந்தது. அதில் 58 விழுக்காடு நைட்ரோகிளிசரின்; அது எரியும் வெப்பத்தில் வரிகள் விரைவில் அரிக்கப்பட்டன. 1895இல் ஆழமான வரிகளோடு லீ-என்ஃபீல்டு வந்தது. போயர் போருக்குப் பின் மருந்திலும் நைட்ரோகிளிசரினை 30 விழுக்காடாகக் குறைத்தார்கள். உலோகத்தோடு மல்லுக்கட்டாமல் மருந்தைத் திருத்தியது கெட்டிக்காரத்தனம் என்றே நமக்குப் படுகிறது.

ஜப்பானியர் கண்ட வழி வேறு. 1939இல் வந்த 99ஆம் வகை அரிசாக்கா துப்பாக்கியின் குழலுக்குள் குரோமிய முலாம் பூசினார்கள். அது கடினமானது, துருவுக்கும் இடங்கொடாது. பசிபிக் தீவுகளின் ஈரக்காற்றில் அடிபட்ட அமெரிக்கரும் 1957இல் ஏற்ற எம்-14 துப்பாக்கிக்கு அம்முலாமைப் பூசினார்கள்.

படித்த பாடம் பத்தாண்டுகூட நிற்கவில்லை. வியட்நாமுக்குச் சென்ற எம்-16 துப்பாக்கியின் குழலில் முலாம் இல்லை. குரோமியம் கலந்த எஃகுதானே, துரு எப்படிப் பிடிக்கும் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஏறத்தாழ ஒரு விழுக்காடு குரோமியம் எஃகுக்கு வலிமை தரும், துருவைத் தடுக்காது. துருவைத் தடுக்க, நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களில் உள்ளதுபோல் பத்து விழுக்காட்டுக்கு மேல் வேண்டும். போதாக்குறைக்கு, மாற்றப்பட்ட வெடிமருந்து அதிகக் கசடை விட்டது. துடைக்கும் கருவிகளும் பலருக்குக் கிடைக்கவில்லை.

துருவேறிய அறையில் தோட்டாவின் பித்தளைக் கூடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த தோட்டா ஏறாது. எதிரியின் குண்டுமழைக்கு நடுவே, குழலின் வாய்வழியே கம்பியை விட்டுக் கூட்டைத் தள்ளவேண்டிய நிலை. பழுதாகிய துப்பாக்கியைக் கையில் பிடித்தபடியே மடிந்த வாலிபர்கள் உண்டு. பிள்ளைகளை இழந்த பெற்றோர்க்கு எந்தக் கணக்கைக் காட்டி விளக்கம் சொல்வது?

1967இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதை விசாரித்துக் கடுமையாகக் கண்டித்தது. அதே ஆண்டு தோட்டா அமரும் அறைக்கும், பின்னர் குழல் முழுவதற்கும் குரோமியம் பூசப்பட்டது. 1968இல், துப்பாக்கியைத் துடைப்பது எப்படி என்று விளக்கும் படக்கதைப் புத்தகம் ஒன்றை அச்சிட்டுப் போர்வீரர்களுக்குக் கொடுத்தார்கள்.