வைகை வடிநிலம்: மழையும் நீரோட்டமும்

வருசநாட்டு மலையில் பிறந்து தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வழியாக 258 கி.மீ. ஓடும் வைகையின் வடிநிலம் சுமார் 7,000 சதுர கி.மீ. மலையில் பிறந்தும் இது வற்றும் ஆறாக இருப்பதற்கு மேற்குத் தொடர்ச்சி மலையே காரணம். தென்மேற்குப் பருவமழையை மேற்குச் சரிவு வாங்கிக்கொள்ள, கம்பம் பள்ளத்தாக்குக்குச் சாரலும் காற்றுமே மிஞ்சுகின்றன. மதுரையின் ஆண்டு மழை ஏறத்தாழ 850 மி.மீ.; அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் பெய்வதைவிட வெயில் உறிஞ்சுவதே அதிகம்.

முன்பு வற்றாமல் ஓடிய ஆற்றைக் காடழிப்பும் மணல் அள்ளுதலும் கெடுத்துவிட்டன என்பார்கள். இரண்டும் கேடு செய்தது உண்மை. சரிவுகள் மொட்டையானால் வெள்ளம் விரைந்து வடிந்துவிடும். மணல் போனால் ஊற்று தாழும். ஆனால் வறட்சி அவற்றுக்கு மிக முந்தியது. பரிபாடலில் கிடைத்துள்ள 22 பாடல்களில் 8 வையைக்கு உரியவை. அவை கொண்டாடுவது புதுப்புனலின் வருகையை. எந்நாளும் ஓடும் நீருக்கு வரவேற்பு எதற்கு? கவிஞர்கள் மிகைப்படுத்துவார்கள் என்றால், கண்மாய்களைப் பார்க்கலாம். வெள்ளம் வரும் சில நாட்களில் அதைக் கால்வாயில் திருப்பி, ஒரு கண்மாய் பெருகிக் கலுங்கு வழிந்ததும் மறுகாலில் அடுத்ததற்கு விட்டு, ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை கொண்டுசேர்த்த ஏற்பாடு அது. வற்றாத ஆற்றங்கரையில் இவ்வளவு மண்வேலையை யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

மலைக்கு அப்பாலுள்ள மழையைக் கொண்டுவரும் யோசனை ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789இல் ஆராய்ந்தது. 1808இல் கேப்டன் கால்டுவெல் நடவாது என்று ஒதுக்கினார். 1876–78 பஞ்சம் அந்த எண்ணத்தை மாற்ற, பென்னிகுவிக் கட்டிய பெரியாறு அணையின் நீர் 1895இல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வந்தது. வடகிழக்குப் பருவத்தை நம்பிய ஆற்றில் தென்மேற்குப் பருவ நீரும் ஓடத் தொடங்கியது. இதுவே அதன் வரலாற்றில் மிகப் பெரிய மாற்றம். அப்படியானால் வைகை வற்றாத ஆறாகிவிட்டதா என்று கேட்கலாம். இல்லை. வந்த நீரில் பெரும்பகுதி பேரணையில் கால்வாய்க்குப் பிரிந்து மேலூர்ப் பக்கம் போனது. 1959இல் வைகை அணை வந்தபின், கீழேயுள்ள கண்மாய்கள் மழையோடு அணைத் திறப்பையும் எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. முல்லைப் பெரியாற்றில் 142 அடி தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் உறுதிசெய்தது மேல்பகுதிப் பாசனத்துக்கு நிம்மதி. கடைமடைக் கண்மாய்களோ இன்னும் ஐப்பசி, கார்த்திகை மழையைத்தான் நம்பியிருக்கின்றன.